வெட்டுமேசையில் இருபது நிமிடம்

எங்கள் தையற்கடையின் வெளிச்சுவரில் பளிங்குக்கல் பதிக்கப் போகிறார்கள். ‘தலைவர் இந்நகருக்கு வருகை தந்தபோது இவ்விடத்தில் வீர உரை நிகழ்த்தினார்’ என்று பொன்னெழுத்து. அதைப் படித்ததிலிருந்து அப்பாவின் முகமே சரியில்லை.

“இங்க அவர் எங்க பேசினாரும்மா? அறுந்த பட்டனைத் தைக்க வந்தவர், வெட்டுமேசையில படுத்து இருபது நிமிஷம் தூங்கினார். நீயாவது நம்பேன்.”

கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. என்னிடம் மட்டும்தான் சொல்வார். “ஆமாம்ப்பா, நீங்கதானே தாலாட்டு பாடினீங்க” என்று ஒருமுறை நக்கலடித்தேன். அதன்பின் பத்து வருடமாக அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்றுதான் மறுபடி.

கல்லைப் பொருத்தும் திருகாணி சுவரின் உள்பக்கம் நீட்டிக்கொண்டு வருமாம். மேசையை நகர்த்தச் சொன்னார்கள். நானும் அப்பாவும் இழுத்தபோது மேலே விரித்திருந்த கம்பளி சரிந்து விழுந்தது. அடியில் பழுப்பேறிய ஒரு துணி, அதில் வெள்ளை நூலோட்டம். மத்தியான வெயிலில் பஞ்சுத்தூசி மிதந்துகொண்டிருந்தது. ஏதோ விநோதமான சட்டை அளவு என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்க அது ஒரு தோளானது. மடக்கிய முழங்கால்கள், தலைக்கு அணையாக வைத்த கை. தலைவர் குழந்தை மாதிரி சுருண்டு கிடந்தார்.

அப்பா கூச்சத்தோடு சிரித்தார். “மேசையில எது கிடந்தாலும் என் கை சும்மா இருக்காது. சாக்பீஸால அவரைச் சுத்திக் கோடு போட்டு முடிச்சப்புறம்தான் புத்தி வந்துச்சு. அழிஞ்சிடுமேன்னு பிறகு நூல் ஓட்டி வச்சேன்.”

“என்கிட்டகூட ஏம்ப்பா காட்டல?”

“அசந்து தூங்குற மனுஷனை எப்படிம்மா காட்டுறது? ‘கொஞ்ச நேரம் யாரும் எழுப்பிடாதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பெற்ற அப்பாவையே பொய்யராக்கி வைத்திருந்தேன்.

“அதிகாரிகிட்டப் பேசி எழுத்தை மாத்தச் சொல்லட்டுமா?”

“வேணாம். வெளிய அவர் பேசிட்டே இருக்கட்டும்.”

கம்பளியை எடுத்து அந்த நூல்தோள் வரைக்கும் இழுத்துப் போர்த்தினார். அப்போதுதான் வெளியே துளைபோடும் இயந்திரம் அலறியது. சுவர் அதிர்ந்தது, மேசையும் அதிர்ந்தது. நான் வாசலுக்கு ஓடினேன்.

“அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்க,” என்றேன். “உள்ள ஒருத்தர் தூங்குறார்.”