நீச்சல் குளத்தருகே நான் தூங்கிவிட்டேன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொல்லி இன்னும் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சொன்னவள் நான், நம்பியவர் என் கணவர். நாங்கள் இருவரும் நான்கு வயது மகளோடு ஏழு நாள் கப்பல் பயணம் வந்திருக்கிறோம். இன்று முதல் நாள். இன்னும் ஆறு நாள் பாக்கி என்று நினைத்தாலே எனக்கு அலுப்பாக வருகிறது.

(முதலில் ‘கடல் நீலமாக இருந்தது’ என்றுதான் ஆரம்பித்தேன். கடலை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது.)

2

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கப்பலில் ஏறியதும் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள், இவர் லிஃப்ட் கதவில் காதை வைத்தார்.

“லீவுலயும் இதுதானா?” என்றேன்.

“சத்தம்தானே கேக்கறேன், ரிப்பேரா பண்றேன்? நீ ஒழுங்கா இருக்கியா?”

இதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏழு நாளும் நான் எழுதக் கூடாது. “பாப்பா பேசறப்ப நீ அவளப் பாக்குற, ஆனா காதுல வாங்கறதில்ல. உள்ளுக்குள்ள எதையோ எழுதிட்டே இருக்க. ஏழே ஏழு நாள், எங்ககூட இரேன்” என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். கெஞ்சினார். தலையாட்டிவிட்டேன்.

3

கப்பலில் ஏற வரிசையில் இரண்டு மணி நேரம். வாண்டு (மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) என் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. அறைக்கு வந்தால் பெட்டிகளைக் காணோம். ஏறும்போதே வாங்கிக்கொள்கிறார்கள், சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்களாம். விவரம் தெரிந்தவர்கள் நீச்சல் உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். என் கைப்பையில் இருந்தது வாண்டின் தடுப்பூசி அட்டையும் ஒரு பேனாவும்.*

* பேனா தெரியாமல் வந்துவிட்டது. (இல்லை, தெரிந்துதான்.)

“தண்ணில விளையாடணும்! இப்பவே!” என்று வாண்டு தரையில் உருண்டாள். கடைசியில் ஜட்டியோடு கூட்டிப்போய்ச் சின்னக் குளத்தில் விட்டோம்.

“ஐஸ்கிரீம் எடுத்துட்டு வரேன், பாத்துக்கோ” என்றார்.

“நான் பாத்துக்கறேன், போங்க.”

4 (முதல் வடிவம்)

அவள் களைத்திருந்தாள். சாய்வு நாற்காலி, இளம்வெயில், ஒரு வாரமாகத் தூக்கம் பிடிக்காத கண்கள். கொஞ்சம் அசந்துவிட்டாள். விழித்தபோது கணவன் ஷூவோடு பெரிய குளத்துக்குள் நின்று

வேண்டாம். வாக்கியம் அழகாகத்தான் வருகிறது, அதுதான் வம்பு. ‘அவள்’ என்று எழுதினாலே எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடுகிறது.

5

நான் தூங்கவில்லை.

மடியில் இன்றைய நிகழ்ச்சிகள் அச்சடித்த தாள். அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். வாண்டு சின்னக் குளத்திலிருந்து ஏறினாள், பெரிய குளத்துப் பக்கம் நடந்தாள். பார்த்தேன். ‘ஈரக் கால்கள் தரையில்’ என்று எழுதி, அடுத்த சொல் கிடைக்காமல் பேனாவைக் கடித்தேன். தலை நிமிர்ந்தபோது கால் தடம் இருந்தது, பிள்ளையைக் காணோம்.

அவர் ஐஸ்கிரீமை வீசிவிட்டுக் குதித்தது, தூக்கியது, வாண்டு இருமித் தண்ணீரைக் கக்கி வீறிட்டது, எல்லாம் அரை நிமிடத்துக்குள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். (இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

கப்பல் டாக்டர் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் கணவர், தண்ணீர் சொட்டச் சொட்ட, “தூங்கிட்டியா?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

“ஆமாங்க.”

“ஒழுங்கா தூங்கி எத்தன நாளாச்சு உனக்கு! தனியா விட்டுட்டுப் போனது என் தப்புதான்” என்றார்.

வாய் நிறையத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

6

பெட்டிகள் வந்துவிட்டன. வாண்டு அவர் நெஞ்சில் படுத்துத் தூங்குகிறாள். நான் குளியலறையில், கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கப்பல் ஆடியதில் கதவு தானாகத் திறந்துகொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் கட்டில்.

“என்னது அது?”

“கதை.”

“மொத நாளேவா?” என்றார் அலுப்போடு. பிறகு, வாண்டு விழித்துவிடாதபடி ஒரு கையை மட்டும் நீட்டினார். “சரி, குடு. எப்பவும் மொதல்ல நான்தானே படிப்பேன்.”

என்னிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் அவள் தூங்குகிறாள். மற்றதில் நான் விழித்திருக்கிறேன். முதல் தாளைக் கொடுத்தால் கொஞ்சம் முணுமுணுப்பார், மிச்ச நாட்கள் ஓடிவிடும். இரண்டாவதைக் கொடுத்தால், இனி பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் பல் தேய்க்கக்கூடப் போகமாட்டார்.

முடிவை வாசகரிடம் தள்ளிவிடுவது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் என்று நானே பல பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இன்று எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தத் தாள் என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவர் இன்னும் கையை மடக்கவில்லை.