மிரர் ஒட்டியிருந்த இடம்

ஆயுத பூஜைக்குக் காருக்குப் போட்ட மாலைதான் வினையாகப் போயிற்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டதுபோக நாலு முழச் செவ்வந்திச் சரம் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று புஷ்பலதா அதை பின்னால் பார்ப்பதற்காக உள்ளே முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மிரரில் சுற்றிவிட்டாள். பூக்காரி வாளித் தண்ணீரில் முக்கி முக்கி வைத்திருந்த சரம், நல்ல கனம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், மிரர் கியர் கம்பிக்குப் பக்கத்தில் பூவும் தானுமாகக் கிடந்தது.

அவள் புருஷன் விஜயகுமார் இருந்தவரை அந்த மிரரில் ஒரு கறுப்புக் கயிறுகூடக் கட்டவிட்டதில்லை. ஏற்காடு ஸ்டாண்டில் நிற்கும் மற்ற டாக்சிகளில் மணி, பொம்மை, எலுமிச்சம்பழம் என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். இவன் காரில் மட்டும் மிரர் மொட்டையாக இருக்கும். பெரிய கெடுபிடிக்காரன் என்று சக டிரைவர்கள் கேலி பேசுவார்கள். போன தை மாதம் ஸ்டாண்டில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவன், வாளியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் புஷ்பலதா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தன் ஊரான தலைச்சோலையின் பிள்ளைகளை ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டாள், முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டாள். மிரரை மட்டும் தொடவில்லை. அவனுடைய கை கடைசியாகத் திருப்பி வைத்தது அது. அவனைவிட அவள் ஒரு தலை குள்ளம் என்பதால், அவள் பார்த்தால் அதில் காரின் கூரைத்துணிதான் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறதே என்று ஓட்டினாள். அவனுடைய சட்டைகளை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டவள்தான். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அது விழுந்ததும் அவளுக்கு அவன் இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்தது. பசை வாங்கி வந்து தானே ஒட்டிப் பார்த்தாள். ஈரக் கண்ணாடியில் பசை பிடிக்காது என்று மலைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடிகாலைப் பனியில் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. துண்டால் துடைத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயந்திரம் பிள்ளைகளோடு திரும்பும்போது, ஒரு வளைவில் மிரர் தொப்பென்று விழுந்து அவள் முழங்காலில் மோதியது. பின்சீட்டுப் பிள்ளைகள் கத்தினார்கள். ஸ்டியரிங் ஒரு கணம் ஆடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மிரரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு காளியப்பனின் பட்டறைக்குப் போனாள். காளியப்பன் விஜயகுமாரின் கூட்டாளி. அந்தக் காரின் நட்டு போல்ட்டு வரைக்கும் அவருக்கு அத்துப்படி. காரை வெயிலில் நிறுத்தச் சொன்னார். பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, சூடான துணியால் ஒற்றி, முன்கண்ணாடியைக் காயவைத்தார். கண்ணாடியில் மிரர் ஒட்டியிருந்த இடத்தில் காசளவு ஒரு தடம் சுரண்டியும் போகாமல் இருந்தது. நடுவில் இல்லை, அரைச்சாண் தள்ளி டிரைவர் பக்கமாக இருந்தது. ஏன் அப்படி என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"நடுவுல ஒட்டிரலாம் அம்மிணி. அதான் அதோட எடம்," என்றார் காளியப்பன்.

"வேண்டாங்ணா. எங்க இருந்துச்சோ அங்கயே ஒட்டிக் குடுங்க. அவரு வெச்ச எடம்."

காளியப்பன், கண்ணாடி சூடாகட்டும் என்று டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். புஷ்பலதா பழக்கதோஷத்தில் காரின் பின்சீட்டில், இடது ஜன்னலோரமாக உட்கார்ந்து டீயைக் குடித்தாள். கல்யாணமான நாள் முதல் அதுதான் அவளுடைய இடம். சேலத்துக்கு இறங்கும்போது முன்சீட்டில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரோ, வேறு யாராவதோ வந்து ஏறிக்கொள்வார்கள். பெண்டாட்டி பின்னால்தான்.

குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இறங்கிய காலம் அது. மலைப்பாதை அவளுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. கார் முதல் வளைவில் திரும்புவதற்குள் துண்டை நெற்றியோடு இழுத்துக் கட்டி, கண்ணை இறுக மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். அடிவாரம் வந்தால்தான் கண்ணைத் திறப்பாள். வரும்போதும் அப்படியே. இந்த மாதமும் இல்லை என்று டாக்டர் சொன்ன நாட்களில், மூடின கண்ணுக்குள்ளேயே அழுதுகொண்டு வருவாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்டதில்லை. ஆனால் வயிறு புரட்டிக்கொண்டு வரும்போது, அவள் வாயைத் திறப்பதற்குள் கார் ஓரமாக நின்றுவிடும். எந்த வளைவில் வாந்தி வரும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான் மனுஷன், சீட்டு கவர் மேல் இருக்கும் பாசம் பெண்டாட்டி மேல் இல்லை என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிப்புக்குள் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது.

அவன் போன பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வாந்தி எங்கே போனது என்றே தெரியவில்லை. அத்தனை வருஷம் போய்வந்த பாதையை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

காளியப்பன் பசையோடு வந்தார். மறுபடியும் நடு இடத்தில் விரலை வைத்தார். அந்தத் தடத்தில் ஒட்டினால் இடது பக்க வளைவில் எதிரே வரும் வண்டி மறையும், பிள்ளைகளை ஏற்றிப் போகிற கார், வேண்டாம் என்றார். பரவாயில்லை, பழைய இடமே போதும் என்றாள். அவர் இன்னொரு தடவை சொன்னார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருடையது என்று எனக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான், அதையும் நகர்த்தச் சொல்கிறீர்களே என்று குரல் உடைந்துபோய்க் கேட்டாள்.

காளியப்பன் பசையைக் கீழே வைத்தார். வெகுநேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்லடிச்சு முன்கண்ணாடி மாத்துனமே, அப்ப நான் நடுவுலதான் ஒட்டிக் குடுத்தேனுங்க. மறுநாளே வந்து நின்னான், தள்ளி ஒட்டுங்கன்னு. வளைவுல மறைக்குமடான்னு எத்தனையோ சொன்னேன். கேக்கல. முன்சீட்டுல ரைட்டரு உக்காந்தா அவரு தல மறைக்குதுங்ணா, பொறத்தால புஷ்பா மொகம் தெரிய மாட்டீங்குதுன்னான்."

புஷ்பலதா அவரையே பார்த்தாள்.

"அவ மொகம் வெளுக்கறது தெரிஞ்சாத்தான் வண்டிய நிறுத்த முடியும்னான். யாருகிட்டயும் சொல்லீராதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டான். நொம்பக் கூச்சக்காரன் அம்மிணி அவன்."

நம்பிக்கை வரட்டும் என்றோ என்னவோ, அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மிரரைப் பழைய தடத்தின் மேல் கையால் பிடித்துத் திருப்பினார். அவரும் விஜயகுமார் உயரம்தான். பின்சீட்டின் இடது மூலையிலிருந்து புஷ்பலதா நிமிர்ந்து பார்த்தாள். மிரரில் காளியப்பனின் இரண்டு கண்கள் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சங்கடப்பட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு அவள் முகம் தெரிந்தது என்றால், அவளுக்கும் அவன் கண் தெரிந்திருக்கும். அத்தனை வருஷமும் அந்தக் கண் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் அழுததையும் பார்த்திருக்கிறது. ஒரே ஒரு தடவை துண்டை விலக்கிக் கண்ணைத் திறந்திருந்தால் போதும். ஒரே ஒரு தடவை அவனாவது கூப்பிட்டிருக்கலாம், பாவி மனுஷன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மூலையிலேயே குனிந்து அழுதாள். காளியப்பன் மெதுவாக இறங்கி, பட்டறைக்குள் போய்விட்டார்.

அழுது முடித்து அவள் வெளியே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"நடுவுலயே ஒட்டீருங்ணா," என்றாள். "பின்னால உக்கார்ற பிள்ளைக எல்லாரும் தெரியற மாதிரி. அந்தத் தடத்த மட்டும் சொரண்டாதீங்க."

அவள் உயரத்துக்கு அவளே உட்கார்ந்து திருப்பி வைத்தாள். பசை நன்றாக இறுகட்டும் என்று காரை அன்றைக்குப் பட்டறையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

காரை எடுத்து வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, பின்சீட்டின் இடது ஜன்னலோரத்தில் அமலி இருந்தாள். இரண்டாம் வகுப்பு, வளைவு வந்தால் வயிறு புரட்டும், கையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். புஷ்பலதா அவளை இதுவரை மிரரில் பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்தாள். பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள் பிள்ளை. முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"கண்ண மூடாத சாமி," என்றாள் புஷ்பலதா. "இந்தா, மிரர்ல என்னையப் பாரு. நான் உன்னையத்தான் பாத்துட்டிருக்கறேன்."

அமலி கண்ணைத் திறந்தாள். மிரரில் இரண்டு பேருடைய கண்களும் சந்தித்தன. அந்த வார்த்தையை விஜயகுமார் தன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது தானாவது கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் புஷ்பலதாவுக்கு முன்னால் இருந்த ரோடு கலங்கிப்போயிற்று. அவசரமாகக் காரை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு வாந்தி வருதுங்களா?" என்று கேட்டாள் அமலி.

புஷ்பலதா நிமிராமலே ஆமாம் என்று தலையாட்டினாள். பின்சீட்டிலிருந்து எழுந்து வந்த அமலி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டி, தன் எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்தாள்.