கரண்டி நிற்கிற கஞ்சி

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி வாங்கச் சனம் கூடிவிட்டது. கருவாட்டுக் கடை மக்பூலும் வாளியோடு நின்றார். கஞ்சி தண்ணீராய் வாளிக்குள் விழுந்த சத்தத்திலேயே அவர் முகம் மாறியது.

"ஹாஜியார், மாட்டக் கஞ்சில போட்டீங்களா, இல்லாட்டி கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தால நடத்திக்கொண்டு போனீங்களா?"

சனம் சிரித்தது. கஞ்சிக்குப் பொறுப்பான றஊப் ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "அரிசி தந்த ஆள் நீங்க, கேக்கத்தானே வேணும். நாளைக்கு வந்து பாருங்க."

மறுநாள் கஞ்சி தடித்து, அதில் கரண்டி நின்றது.

அந்தக் கிழமைதான் மக்பூலின் மனைவி சபூரா விழுந்தாள். அக்கரைக் கிராமமான உச்சமுனைக்குத் தோணியில் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவரும் மிட்வைஃப் அவள். அவளுக்கே அப்போது ஆறு மாதம். திரும்பி வந்து இறங்கும்போது, இறங்குதுறையின் உக்கிய பலகை முறிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று.

நோன்பு திறந்த கையோடு மக்பூல் கொதித்தார். "வருசா வருசம் வருமான வரி கட்டுறன். இந்த வருசம் அதையும் கூட்டிட்டானுகள். ஊர் வாசல்ல மின்னுற வளைவு கட்டக் காசிருக்கு, நாலு பலகை போடக் காசில்ல! இனி ஒரு சதம் கட்ட மாட்டன்!"

சபூரா வீங்கிய காலைக் கதிரையில் நீட்டியபடி சிரித்தாள். "கஞ்சி தண்ணியாப் போச்செண்டு அரிசி குடுக்கிறத நிப்பாட்டினீங்களா? குடுத்துட்டு, ஹாஜியாரப் புடிச்சிக் கேட்டீங்க. கஞ்சி தடிச்சிச்சி. துறைக்கு ஆரக் கேட்டீங்க? என்னைத்தானே சத்தம் போடுறீங்க! வாற கிழமையும் நான் அதாலதான் ஏற வேணும்."



அடுத்த நாள் மக்பூல் துறையடியில் தோணிக்காரர்களைத் திரட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார். "வளைவுக்கு எவ்வளவு போச்சி? துறைக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு நாளா ஒருத்தரும் வந்து கேக்கல்லையே."

"இப்ப கேக்கிறம்."

அன்றே நடந்துவிடவில்லை. மக்பூல் திரும்பத் திரும்பப் போனார். சபூரா தோணி ஏறும் ஒவ்வொரு முறையும் அவரே கைகொடுத்தார். நோன்புப் பெருநாள் கழிந்துதான் புதுப் பலகை வந்தது.

என் மக்களே, வரி கட்டுவது பாதிக் கடமைதான். அது எங்கே போயிற்று என்று போய்க் கேட்பது மற்றப் பாதி. வீட்டுக்குள் வைதால் துறை திருந்தாது.

புதுப் பலகையில் சபூரா காலை ஊன்றி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"ஓம் ஓம், இப்பதான் கரண்டி நிக்குது!"