எட்டு போட்டால்தான் பள்ளிக்கூடம்

திங்கட்கிழமை காலை நான் வேலையில் சேர வேண்டும். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது வேதியியல். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை வேதியியல் என்றால், குளியலறைக் கறைக்கு எதை ஊற்றலாம் என்று என்னிடம் கேட்கலாம், அவ்வளவுதான்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அண்ணன் கேட்டான்:

"அப்ப பாப்பாவ ஸ்கூல்ல யாரு விடுறது?"

வாழ்த்து என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பள்ளி வேன்காரர் வண்டியை விற்றுவிட்டுப் போனதிலிருந்து, அண்ணன் மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். அண்ணிக்கு பேக்கரியில் விடியற்காலை வேலை. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனிடம் வருகிறவர்களுக்கு ஆபீஸ் போகும் முன்புதான் நேரம். ஆக, வீட்டில் சும்மா இருப்பவள் நான் ஒருத்தி. சும்மா இருந்தபடியே சமைத்தேன், துவைத்தேன், வேலைக்குத் தேர்வும் எழுதினேன்.

"அவகிட்டதான் சைக்கிள் இருக்குல்ல. ஓட்டிட்டுப் போகட்டும்," என்றேன்.

"அவளுக்கு எங்க ஓட்டத் தெரியுது? நீ ஒரு மாசம் கழிச்சு சேர்றேன்னு சொல்லிப் பாரு."

"ஒரு மாசம் கழிச்சு அந்த நாற்காலியில வேற ஒருத்தி உட்கார்ந்திருப்பா."

"சரி விடு, பட்டதாரி. ஞாயித்துக்கிழம நானே கத்துக்குடுக்கிறேன். ஊருக்கே கத்துக்குடுக்கிறவன் நான். திங்கக்கிழம அவ ஓட்டலன்னா நீதான் விடணும்."

இந்த இடத்தில் அண்ணனுடைய வலது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காரில் ஓட்டக் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் அவன் தொழில், அவன் கடவுள். யாரையும் நம்ப மாட்டான், மிதித்துவிடுவான். டிவியில் லாரி வேகமாக வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிப்பான். நான் குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் வேகமாகக் கொண்டுவந்தால் சாப்பாட்டு மேசைக்கடியில் மிதிப்பான். அந்த இடத்தில் தரைவிரிப்பு நைந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

ஞாயிறு காலை பயிற்சி மைதானத்துக்குப் போனால், சைக்கிளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சிவப்பு 'எல்' போர்டுகள் தொங்கின. பின்சக்கரத்திலிருந்து ஒரு நீளமான கம்பி வந்தது. அதன் நுனியில் ஒரு பிரேக் பிடி. பிடி அண்ணன் கையில்.

"இது என்ன?"

"ரெண்டாவது பிரேக்," என்றான் பெருமையாக.

பாப்பா மிதித்தாள். அண்ணன் பிடித்தான். மறுபடி மிதித்தாள், மறுபடி பிடித்தான். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. சைக்கிள் மட்டும் மாமரத்தடியை விட்டு நகரவில்லை.

"கிளட்ச், கிளட்ச்," என்று கத்தினான்.

"சைக்கிள்ல கிளட்ச் ஏதுப்பா?"

"பழக்கத்துல வந்துருச்சுடா. நீ ரோட்டப் பாரு."

மதியம் ஒருவருக்கு வகுப்பு இருக்கிறது என்று அவன் காரை எடுத்துக்கொண்டு போனான். நான் குறடை எடுத்துக் கம்பியை வெட்டி எறிந்தேன்.

"இப்ப ஏறு. ஓட்டு."

அவள் ஏறவில்லை. பத்து வயது. வீட்டில் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். பயிற்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் சாலை விதிப் படங்களைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றவள். அவள் முதலில் படித்த சொல் 'நுழையாதே'.

"எல் போர்டு இருக்கு அத்தை."

"கழட்டிடுறேன்."

"லைசென்ஸ் வாங்காம கழட்டுனா தப்பு. எல் போட்டிருந்தா லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல உட்காரணும்."

"சைக்கிள்ல பக்கத்துல எங்கடி உட்கார்றது?"

"அதத்தான் நானும் சொல்றேன். சட்டப்படி ஓட்ட முடியாது."

வாய் சட்டம் பேசியது. கை இரண்டும் சைக்கிள் பிரேக்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. பயமாக இருக்கிறது என்று செத்தாலும் சொல்ல மாட்டாள். நம்பாத காலுக்கு மகளாகப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்டி ஓட்டவைத்தால் தெருமுனையோடு திரும்பி வந்துவிடுவாள் என்று மூடிக்கொண்டேன்.

"சரி, லைசென்ஸ்தானே வேணும்? டெஸ்ட் வெச்சுருவோம். எட்டு போடு."

அவள் முகம் மாறியது. இருசக்கர வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"ஆபீசர் யாரு?"

"நான்தான்."

"ஆபீசர்னா சிரிக்கக் கூடாது."

"அதுக்கு நான் தனியா நடிக்க வேண்டியதில்ல."

பழைய டயர்களை இழுத்துப் போட்டு எட்டுக்கு இரண்டு வட்டம் அமைத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். வக்கீல் விறைப்பாக நின்றாள்.

"ஆரம்பிக்கலாங்களா மேடம்?"

முதல் தடவை மேல் வட்டத்துக்குப் போகவே இல்லை. கீழேயே ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தாள்.

"இது ஆறு," என்றேன்.

"எட்டுல பாதிதாங்க மேடம்."

"எட்டுல பாதி நாலு. திரும்பப் போடு."

அடுத்து ஒன்பது போட்டாள். அதற்கடுத்து தமிழ் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று. முட்டியில் சிராய்ப்பு. எச்சில் தொட்டுத் தடவிக்கொண்டு மறுபடி ஏறினாள். யாரும் பிடிக்கவில்லை என்பதையே மறந்துவிட்டாள். ஆபீசரிடம் தோற்கக் கூடாது என்கிற வெறி. கடைசியில் மேல் வட்டம், கீழ் வட்டம் இரண்டையும் சுற்றினாள். நிறுத்தத்தான் வரவில்லை. மறுபடியும் ஒரு எட்டு சுற்றிவிட்டு மாமரத்தில் மோதி நின்றாள்.

"எண்பத்தெட்டு. பாஸ்," என்றேன்.

இரண்டு 'எல்' போர்டையும் அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். மாலை முழுக்க என்னைத் தெருவில் ஓடவிட்டு, பிரேக் பிடித்து நிறுத்தவும் பழகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு, கையை நீட்டிச் சைகை காட்டித் தெருவில் திரும்பிப் போனாள். நான் புதுச் செருப்போடு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரே ஹார்ன் சத்தம். தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், பஸ்ஸுக்கு முன்னால் அண்ணனுடைய பயிற்சிக் கார். காருக்கு முன்னால் எங்கள் வக்கீல்.

ஹார்ன் சத்தம் கேட்டு அவள் சைக்கிளை ஓரங்கட்டி, கார் போகட்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் நின்றுவிட்டதால், அவள் பின்னாலேயே காவலுக்கு வந்த அண்ணனும் நின்றுவிட்டான். கார் போனால்தான் அவள் போவாள். அவள் போனால்தான் கார் போகும். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அப்பனும் மகளும் காட்டிய மரியாதையில் மாட்டிக்கொண்டார்கள்.

இறங்கிப் போனேன். காரை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் மருந்துக்கடைக்காரர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நான் மிதிக்கிறேம்மா, போகமாட்டேங்குது. வண்டியில ஏதோ கோளாறு."

"கோளாறு வண்டியில இல்லீங்க. உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அண்ணா, கால எடு."

"எடுத்தா போயிடுவா."

"போறதுக்குத்தான் சைக்கிள்."

"தனியா இருக்கா பாரு. நீ கொஞ்ச தூரம் சும்மா பின்னாடி ஓடேன்."

"நான் சும்மா இல்ல. வேலைக்குப் போறேன். அவ எண்பத்தெட்டு போட்டவ. எடு கால."

அண்ணன் தன் காலை யாரோ ஒருவருடைய கால் மாதிரி குனிந்து பார்த்தான். மெதுவாகத் தூக்கினான். மருந்துக்கடைக்காரர் அதுவரை மிதித்த மிதியெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது. கார் ஒரு துள்ளுத் துள்ளி, பாப்பாவைத் தாண்டி, விக்கி, ஓரத்து மணல் குவியலில் மூக்கைச் செருகி அணைந்தது.

பாப்பா மணியடித்துக்கொண்டே காரைக் கடந்தாள். ஜன்னலோரம் மட்டும் ஒரு கணம் நிதானித்தாள்.

"அப்பா, நிக்கிற வண்டிக்கு விளக்கு போடு."

போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனுடைய கால் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

நகர ஆரம்பித்த பஸ்ஸில் தொற்றி ஏறினேன். படிக்கட்டிலிருந்து பார்த்தேன். பள்ளிக்கூட வாசல், எதிரே ஒரு ஆட்டோ, நடுவில் அவள் கை நீட்டித் திரும்புகிறாள். ஆட்டோ நின்றது. அவள் உள்ளே நுழைந்தாள். நான் மூச்சு விட்டேன்.

"எம்மா," என்றார் பின்னால் நின்ற கண்டக்டர், பொறுமையாக. "எவ்வளவு மிதிச்சாலும் பஸ் நிக்காது. அது என் காலு."