வேதா சொன்ன ‘இல்லை’

1.

இந்தக் கதை பிழைதிருத்தத்தில் பிறந்தது. தாம்பரத்தில் உடற்கல்வி படிக்கும் என் அக்கா மகள் ஹெப்சி தன் ஆய்வறிக்கையைக் கொடுத்து, “எழுத்துப்பிழை மட்டும் பாருங்க மாமா” என்றாள். ‘மட்டும்’ என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மாதவிடாய் நாட்களில் பெண்களின் வேகம் குறையும் என்பது அவர்கள் கல்லூரி கோச் லோகநாதனின் நம்பிக்கை. அந்த நாட்களில் யாரையும் போட்டியில் ஓடவிடமாட்டார். ஹெப்சி அதைச் சோதித்தாள். பயிற்சிக்கு முன் ஒவ்வொருத்தியிடமும் ‘இன்னிக்கு பீரியட்ஸா?’ என்று கேட்டுவிட்டு, ஓடவிட்டு நேரம் பார்த்தாள். ஆமாம் என்றவர்கள் மெதுவாகத்தான் ஓடினார்கள். ஆகவே கோச் சொன்னது சரி.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கோச் லோகநாதன் மீசையை முறுக்கியபடி அந்தப் பெண்களை...’

வேண்டாம். அவரை வில்லனாக்கினால் எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். போட்டியன்று ஆமாம் என்றவளை நிழலில் உட்காரவைத்து மோர் வாங்கித் தருகிற மனிதர் அவர். (மோர் என் கற்பனை. அக்கறை நிஜம். அதுதான் எனக்கு எரிச்சல்.)

3.

“எல்லாரும் நிஜத்தைத்தான் சொன்னாங்களா?” என்று ஹெப்சியைக் கேட்டேன்.

“எதுக்கு மாமா பொய் சொல்லணும்?”

“ஆமான்னா அது கோச் காதுக்குப் போகும், டீம்லேர்ந்து தூக்கிடுவார் இல்ல?”

மறுநாள் அவள் வேதாவை கேம்ப் ரோடு ஜூஸ் கடைக்கு அழைத்துப் போனாள். வேதா அனகாபுத்தூர்க்காரி, அணியிலேயே வேகமானவள். ஆய்வு நடந்த இரண்டு மாதமும் ‘இல்லை’ என்றே சொன்னவள். (அங்கே நான் இல்லை. ஹெப்சி சொன்னதை எழுதுகிறேன். மாமாவிடம் இதையெல்லாம் சொல்வாளா என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அது நல்ல பழக்கம்.)

“பொய்தான்கா,” என்றாள் வேதா. “வலி தாங்காதவ ஆமான்றா. நான் வாய மூடிகினு ஓடிருவேன். ஆமான்னா குந்த வெச்சிருவாரு. அடுத்த வாரம் ஸ்டேட் செலக்‌ஷன் கீது. அத வுட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டா வேல எனக்கு எப்டிக்கா கெடைக்கும்?”

மாதவிடாயிலும் நன்றாக ஓடியவர்கள் எல்லாம் ‘இல்லை’ பக்கம் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். ஹெப்சி அளந்தது மாதவிடாயை அல்ல, வலியை.

4.

முதல் முடிவு: ஹெப்சி உள்ளதை எழுதுகிறாள், கோச் மனம் மாறுகிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. பொய் சொன்னது யார் என்றுதான் அவர் முதலில் கேட்பார். இரண்டு மாதமும் ஆமாம் சொல்லாதவள் அணியில் ஒருத்திதான்.

இரண்டாவது: ஹெப்சி வாய் திறக்கவில்லை, பாஸாகிவிடுகிறாள். இனி வரும் பெண்களை உட்காரவைக்க கோச்சுக்கு ஆதாரமும் கிடைத்துவிடுகிறது. இது நடக்கும் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது: ஹெப்சி யார் பெயரும் வெளியே தெரியாதபடி

(முடியவில்லை. அணியே சின்னது.)

5.

ஆகவே ஹெப்சியின் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். ஹெப்சி எதிரே நிற்கிறாள். “அவங்க சொன்னது உண்மைதான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?” இந்த ஒரு கேள்விதான் கேட்கத் தகுந்தது. அதைக் கேட்காவிட்டால் அந்த நாற்காலிக்கு நீங்கள் லாயக்கில்லை.

உங்கள் பக்கத்து நாற்காலியில் கோச் லோகநாதன் உட்கார்ந்திருக்கிறார். அவரும் பதிலைக் கேட்பார்.