விடாத கை

அந்தக் காலத்துப் பந்தய சைக்கிளுக்கு பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காலைப் பெடலோடு சேர்த்து வாரால் கட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றும். நின்றால் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் புறப்படும் கோட்டில் ஆளுக்கு ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விசில் ஊதியதும் ஓங்கித் தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துப் புல்தரையில் பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். பிடிப்பது பெரும்பாலும் வீட்டு ஆள்தான்.

ஒரு வருடம் ஊர்த் தையற்காரர் தன் மூத்த மகனைத் தள்ளினார். என்ன தள்ளு! எடுத்த எடுப்பிலேயே மற்றவர்களை முந்திக்கொண்டு போனான். கூட்டம் கைதட்டியது, தையற்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வளைவில் புல் ஈரம். சறுக்கிப் போய் அவன் விழுந்த இடத்தில், தரையைச் சமன்படுத்தும் கல்லுருளையை எந்தப் புண்ணியவானோ விட்டுவைத்திருந்தான். தலை அதில் மோதியது. பிள்ளை வீடு திரும்பவில்லை.

கல்லை விட்டவனை ஊரே திட்டியது. தையற்காரர் ஒருவரையும் திட்டவில்லை. "நான்தான் வேகமாத் தள்ளிட்டேன்" என்று தையல் மெஷினிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் இளையவன் கடைசி வகுப்பு. பள்ளியை விட்டுப் போனால் அந்தப் பந்தயத்தில் ஓட்ட முடியாது. அண்ணன் முடிக்காததை முடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பிடிக்கத்தான் ஆள் இல்லை. சித்தப்பா முதுகுவலி என்றார், மாமா வெளியூர் என்றார். எல்லாம் சால்ஜாப்பு. அந்த வீட்டுப் பிள்ளையை இன்னொரு தடவை தள்ள யாருக்கு மனசு வரும்?

"நீங்க வாங்கப்பா," என்றான் இளையவன்.

தையற்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"இந்த ஒரு தடவைதான். அப்புறம் சைக்கிளையே தொடமாட்டேன்."

"போங்களேன்," என்றாள் மனைவி. "அவனும் எத்தனை நாள்தான் நம்ம மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பான்?"

போனார். கல்லுருளை எங்காவது கிடக்கிறதா என்று மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். வளைவில் புல்லைத் தடவிப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது. கோட்டுக்கு வந்து சீட்டைப் பிடித்தார். மகன் ஏறி உட்கார்ந்தான், வாரை இறுக்கிக் கட்டினார்கள். தள்ளிவிடத்தான் வந்திருந்தார், சத்தியமாக.

விசில் ஊதியது. எல்லாரும் போனார்கள்.

"அப்பா, விடுங்க."

கை வரவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க. விடுங்கப்பா."

"விடத்தான்டா பாக்குறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதட்டினார்கள். இளையவன் மிதித்துப் பார்த்தான், சைக்கிள் நகரவில்லை. கைப்பிடியில் தலையைக் கவிழ்த்து அழுதான். "இதைத் தவிர உங்ககிட்ட நான் என்னப்பா கேட்டேன்?" மற்றவர்கள் சுற்றி வந்து அவர்களைக் கடந்து போனார்கள், திரும்பவும் கடந்து போனார்கள். பந்தயம் முடிந்தது.

மனைவி வந்து, குனிந்து, மகன் காலிலிருந்த வார்களை அவிழ்த்தாள். அவன் இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்தான். தையற்காரர் சீட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"இறங்கிட்டான்," என்றாள் அவள். "வீட்டுக்குத்தான் போறான். இப்பவாவது விடுங்க."

அவர் விட்டார். சைக்கிள் புல்லில் சாய்ந்தது.