கணுக்காலில் ஒரு பிடி

"தொட்டா எனக்கும் ஒட்டிக்குமாடி?" என்று நாலாம் வகுப்பில் ரோஜா கேட்டாள். கேட்ட கையோடு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தும் உட்கார்ந்தாள். தன் தோலில் இருக்கும் கரப்பான் ஒட்டாது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொன்னதை வெனிலா எடுத்துச் சொல்வதற்குள் பெஞ்சில் பாதி காலியாகிவிட்டது.

இப்போது இருவரும் ஏழாம் வகுப்பு. கழுத்து, முழங்கை மடிப்பு, கணுக்கால் என்று வெனிலாவுக்குத் தோல் தடித்துக் கறுத்துக் கிடந்தது. வியர்த்தால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். சொறிந்து சொறிந்து தூக்கம் கெட்டு, காலையில் கணக்குப் பாடத்தில் சாமியாடுவாள். அம்மா இருதயசெல்வி கருவாட்டையும் கத்தரிக்காயையும் வீட்டைவிட்டே துரத்திப் பார்த்தாள். கரப்பான் மட்டும் போகவில்லை.

அப்படிப்பட்டவள் கபடியில் புலியானது ஒரு தமாஷ். அவள் பாடிக்கொண்டு நுழைந்தால் எதிரே நிற்பவர்கள் கூசி விலகுவார்கள். ஆளைத் தொட்டுவிட்டு நடந்தே திரும்பலாம். புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் ராஜாமணிக்கு அது தெரியாது. என்ன வேகம் என்று அசந்துபோய் அணியில் சேர்த்துவிட்டார். தன் வேகம் எவ்வளவு என்று வெனிலாவுக்குத் தெரியும். கேப்டன் ரோஜாவுக்கும் தெரியும்.

"நீ பாட்டுக்குத் தொட்டுகினு வாடி. உன்ன எவளும் புடிக்க மாட்டா," என்றாள் ரோஜா, கோப்பைப் போட்டிக்குத் திண்டிவனம் போகும் பஸ்ஸில். பாராட்டாகத்தான் சொன்னாள். வெனிலாவும் சிரித்துவைத்தாள். ஆனால் கூட்டேரிப்பட்டு தாண்டியும் அது நெஞ்சை அறுத்துக்கொண்டே வந்தது. ஒரே ஒரு தடவை, ஒருத்தியாவது, மற்றவர்களைப் பிடிப்பதுபோலத் தன்னையும் எட்டிப் பிடிக்கமாட்டாளா?

திண்டிவனத்திலும் அதே கதைதான். அவள் காலைப் பார்த்ததும் எதிரணி பின்வாங்கியது. புள்ளி மேல் புள்ளி. விழுப்புரத்துப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசி ரெய்டு வந்தபோது ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். வெனிலா உள்ளே போய்ச் சும்மா திரும்பினாலே கோப்பை.

எதிரே ஒருத்தி மட்டும் பின்வாங்கவில்லை. மூலையில் குனிந்து, கைகளை விரித்து, இவள் காலையே குறிவைத்து நின்றாள். "வேணி, வேணி" என்று அவள் பக்கத்துப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அந்த மூலைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. வெனிலா போனாள்.

வேணி பாய்ந்தாள். கணுக்காலில், தோல் வெடித்த இடத்திலேயே, இரும்புபோல ஒரு பிடி. எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. வெனிலா உதறினாள், இழுத்தாள், நிஜமாகவே கோட்டை நோக்கித் தவழ்ந்தாள். வேணியைப் பார்த்து மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். ஒருத்தி இடுப்பை வளைத்தாள், ஒருத்தி கழுத்தைக் கட்டினாள். இத்தனை பேர் கனத்தை அவள் உடம்பு இதற்குமுன் அறிந்ததில்லை. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் பாட்டு அறுந்து சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் சமன். இனி கூடுதல் நேரம் ஆடவேண்டும்.

"அறிவு கீதாடி உனக்கு? சும்மா திரும்பி வர்றதுக்கு என்ன?" என்று ரோஜா கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பல்லைக் கடித்தாள்.

"புடிச்சிட்டாடி," என்றாள் வெனிலா, மண்ணில் கிடந்தபடியே. முகமெல்லாம் புழுதி, பல்லெல்லாம் வெளியே. "டீச்சர், மறுபடியும் நானே போறேன்."

வேணி எழுந்தாள். அவள் உள்ளங்கையில் களிம்பும் கொஞ்சம் ரத்தமும் பிசுபிசுத்தன. அதைப் பார்த்ததும் வெனிலாவுக்குப் பழைய பயம் வந்தது.

"அது ஒட்டாது," என்றாள் அவசரமாக.

எதைச் சொல்கிறாள் என்று விளங்காதவள்போல வேணி அவளை ஒரு தரம் பார்த்தாள். கையை டவுசரில் துடைத்துக்கொண்டாள். அதே கையை நீட்டி வெனிலாவைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தன் பக்கத்துக்குப் போனாள்.